முத்துகள் இடம்பெயர்ந்தனவா? அல்பிரூனீயின் குறிப்பும் கடலின் உப்பும்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத் தறிகள் புகழ்பெறச் செய்த பட்டில் 'முத்துக் கட்டம்' என்பது ஒரு பழைய வடிவம். பட்டிலும் பாட்டிலும் பெயரிலும் முத்து நிலைத்திருக்கிறது. அது விளைந்த மன்னார் வளைகுடாவின் தமிழகக் கரையிலோ 1961ஆம் ஆண்டுக்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. பாண்டியர் காலத்தில் காயலையும் பின்னர் கீழக்கரையையும் செழிக்கச் செய்த தொழில் அது. முஸ்லிம்களும் பரதவர்களும் தலைமுறை தலைமுறையாக அதில் மூழ்கி எழுந்தனர். அத்தொழில் ஏன் ஓய்ந்தது என்னும் வினா புதியதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது எழுந்துவிட்டது.

ஹிஜ்ரி 421 (கி.பி. 1030) அளவில் இந்தியாவைப் பற்றிய தம் பெருநூலை நிறைவு செய்த அறிஞர் அல்பிரூனீ, அதில் சிறு செய்தியொன்றைப் பதிந்துள்ளார். ஸரந்தீப் வளைகுடாவில் முன்னர் முத்துக்குளிப்பு நடந்தது. தம் காலத்தில் அங்கே முத்து மறைந்துவிட்டது. அதுவரை முத்து காணப்படாத ஸுஃபாலாவில், அதாவது இன்றைய மொஸாம்பிக் கரையில், அது தோன்றியது. ஆகவே ஸரந்தீபின் முத்துகள் அங்கே குடிபெயர்ந்தன என்று மக்கள் சொல்கின்றனர் என்பது அச்செய்தி. குடிபெயர்ந்தன என்பதைத் தம் முடிபாக அவர் கூறவில்லை. மக்கள் சொல்வதாகவே தருகிறார். செவிவழிச் செய்தியையும் தேர்ந்த உண்மையையும் பிரித்தெழுதுவது அவரது வழக்கம்.

சிப்பி கடலைக் கடந்து செல்ல இயலாது என்பதை இன்று நாம் அறிவோம். வளர்ந்த சிப்பி தன் நார்களால் 'பார்' எனப்படும் கடலடிப் பாறைத் திட்டைப் பற்றிக்கொண்டு வாழ்கிறது. தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள தொலையிரம் பார் அவற்றுள் பெயர்பெற்றது. பிறந்த பின் ஏறத்தாழ மூன்று வாரங்கள் மட்டுமே சிப்பியின் இளவுயிர் நீரில் மிதந்து திரியும். அதற்குள் நீரோட்டம் அதனை ஒரு பாரில் சேர்க்க வேண்டும். தவறினால் அந்த ஆண்டின் தலைமுறையே அழியும்.

இங்கேதான் உப்பும் வெப்பமும் நுழைகின்றன. திறந்த கடலின் ஒரு கிலோ நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு உண்டு. மிகுதியாக ஆவியாகும் அரபிக் கடலின் வடபகுதியில் இது 36 கிராமைக் கடக்கும். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆகியவை கலக்கும் வங்கக் கடலின் வடபகுதியிலோ, மழைக்காலத்துக்குப் பின் மேல்நீரின் உப்பு 32 கிராமுக்கும் கீழே இறங்குகிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரையோர நீரோட்டம் அந்த உப்புக் குறைந்த நீரைத் தெற்கே தமிழகக் கரை வழியாகக் கொண்டுவருகிறது. அதன் அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறும். வெப்பநிலை மாற்றமோ சிப்பிகள் முட்டையிடுவதைத் தூண்டுகிறது. ஆகவே ஒரு பாரின் வாழ்வு, தொலைதூர ஆற்று வெள்ளத்தோடும் காற்றின் போக்கோடும் பிணைந்தது.

சிப்பியின் வாயில் விழும் மழைத்துளியே முத்தாகிறது என்னும் நம்பிக்கை தமிழரிடமும் அரபியரிடமும் இருந்தது. உண்மை அதற்கு மாறானது. நன்னீர் மிகுந்தால் முதலில் மடிவது மென்மையான இளவுயிரே.

வியப்புக்குரியது யாதெனில், இப்புதிரைத் தீர்க்க உதவும் கருவி அல்பிரூனீயின் கையிலேயே இருந்தது. பொருள்களின் ஒப்படர்த்தியை நுட்பமாக அளந்த அவர், வெந்நீருக்கும் குளிர்நீருக்கும், நன்னீருக்கும் உப்புநீருக்கும் எடை வேறுபாடு உண்டெனக் கண்டவர். அவர் வழியில் வந்த அல்காஸினீ, ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121) எழுதிய 'மீஸானுல் ஹிக்மா'வில் கடல்நீரின் ஒப்படர்த்தியை 1.041 எனக் குறித்தார். இன்றைய சராசரி ஏறத்தாழ 1.025. கடல் நீரோட்டங்களை விளக்கும் இன்றைய அறிவியலுக்கு உப்பாலும் வெப்பத்தாலும் நேரும் இவ்வடர்த்தி வேறுபாடு இன்றியமையாதது. ஆயினும் துலாக்கோல் ஓரிடத்திலும் முத்துப் பார் வேறோரிடத்திலும் இருந்தன. ஆண்டுதோறும் கடலிலேயே அளக்கும் ஏற்பாடு இல்லாமையால் இரண்டும் சந்திக்கவில்லை.

அச்சந்திப்புக்கு இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. இலங்கையில் 1891க்குப் பின் விளைச்சல் பொய்த்ததால், ஆங்கில அரசு 1902இல் பேராசிரியர் ஹெர்ட்மேனை வரவழைத்தது. ஜேம்ஸ் ஹார்னெல் உடன் பணியாற்றினார். பருவக்காற்று புரட்டும் மணல், சிப்பியை உண்ணும் மீன்கள், மிதமிஞ்சிய அறுவடை ஆகியவை அழிவுக்குக் காரணங்களென அறியப்பட்டன. ஆனால் அறிவுக்குச் செவிகொடுக்கப் பேராசை இடந்தரவில்லை. 1905இல் மட்டும் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. மறு ஆண்டு பார்கள் ஒரு தனியார் கம்பெனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் விளைச்சல் வீழ்ந்தது, கம்பெனியும் கலைந்தது.

தமிழகக் கரையில் 1955 முதல் 1961 வரை கிடைத்த விளைச்சலே இறுதியானது. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது; அது இயற்கைப் பார்களை மீட்டுவிடவில்லை. அதே வளைகுடாவின் பவளப் பாறைகள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மிகுந்த வெப்பத்தால் வெளுத்தன. சூரத்துர் ரஹ்மானில் முத்தும் பவளமும் சேர்த்தே பேசப்படுவதை ஓதும் நமக்கு, இவ்விரண்டும் ஒரே கடலில் நலிவது கருதத்தக்கது.

இன்று ஆர்கோ மிதவைகள் பத்து நாளுக்கொரு முறை 2000 மீட்டர் ஆழம் வரை கடலின் உப்பையும் வெப்பத்தையும் அளந்து அனுப்புகின்றன. அல்பிரூனீக்குக் கிட்டாத அளவுகள் நமக்குக் கிட்டியுள்ளன. முத்துகள் எங்கும் குடிபெயரவில்லை. அவை வாழ்ந்த நீரின் நிலையும் அதை நாடிச் சென்ற மனிதரின் நடத்தையுமே மாறின. அளந்தறிந்ததற்கேற்ப ஒழுகுவதே இனி எஞ்சியுள்ள கடமை.