அல்காங்கியன்: மக்களும் பாறைகளும்

'அல்காங்கியன்' என்னும் சொல்லைத் தமிழாக்க முற்படுபவன் சற்றுத் தடுமாறவே நேரும். ஒரு நூலில் அது மக்களைக் குறிக்கும். மற்றொன்றில் பாறைகளைக் குறிக்கும்.

கனடாவில் ஒட்டாவா நதிப் பள்ளத்தாக்கின் பழங்குடிகள் அல்காங்கின் மக்கள். தம்மை அவர்கள் அனிஷினாபே என்றே அழைத்துக்கொள்வர். 1603-ஆம் ஆண்டில் டடூசாக் என்னுமிடத்தில் அவர்களைச் சந்தித்த பிரெஞ்சு யாத்திரிகர் சாம்ப்ளேன், வேறு பெயரை எழுதி வைத்தார். மீனையும் விலாங்கையும் ஈட்டியால் குத்திப் பிடிக்கும் இடம் என்னும் மிக்மாக் சொல்லே அதன் மூலம் என்பர் சிலர். 'அவர்கள் நம் உறவினர், நேசர்' எனப் பொருள்படும் மாலிசீட் சொல் என்பர் வேறு சிலர். பின்னதே பொருத்தமாகப் படுகிறது. ஏனெனில், அன்று டடூசாக்கில் மாலிசீட் இனத்தாரும் அல்காங்கின் மக்களும் ஒன்றுகூடி, பொதுப் பகைவரான இராகுவா இனத்தாரை வென்றதைக் கொண்டாடிக் கொண்டிருந்தனர். நண்பனைச் சுட்டி ஒருவர் சொன்னதை அந்நியர் இனப்பெயராகக் கொண்டனர் போலும்!

பின்னர் மொழியறிஞர் அப்பெயரை விரித்து, கிரீ, ஓஜிப்வே, பிளாக்ஃபுட் முதலிய மொழிகள் அடங்கிய பெருங்குடும்பத்துக்கே சூட்டினர். மிசிசிப்பி, மாசசூசெட்ஸ் என நேயர்கள் நன்கறிந்த பெயர்கள் இக்குடும்பத்தின் கொடையே.

பாறைக்கு இப்பெயர் வந்த கதை சுவையானது. மிகத் தொன்மையான ஆர்க்கியன் பாறைகளுக்கும், உயிர்ச்சுவடுகள் மலிந்த கேம்பிரியன் அடுக்குகளுக்கும் இடையே கனத்த படிவுகள் பல உள. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் அவற்றை ஆராய்ந்தவர் வால்காட். 1889-இல் அமெரிக்கப் பூகர்ப்ப ஆய்வுத்துறை அவற்றுக்கு அல்காங்கியன் எனப் பெயரிட்டது. அத்துறையின் அந்நாளைய தலைவர் பவல். பழங்குடிகளை ஆராயும் அலுவலகத்துக்கும் அவரே தலைவர். 1891-இல் வட அமெரிக்க மொழிக்குடும்பங்களை வகைப்படுத்தியவரும் அவரே. இரண்டு நாற்காலியிலும் ஒருவரே அமர்ந்திருக்கையில் பெயர் இடம் மாறியதில் வியப்பென்ன?

இவ்வழக்கம் புதிதன்று. வேல்ஸ் நாட்டுப் பழங்குடியினரான சிலூரரின் பெயரால் 1835-இல் சிலூரியன் பிறந்தது. நம் நாட்டிலும் 1872-இல் மெட்லிகாட் என்பார் கோண்டு மக்களின் நாட்டுப் பெயரைக் கொண்டு கோண்டுவானா என்றார். நாகபுரியிலும் ஜபல்பூரிலும் வாழும் தமிழர் அம்மக்களைக் கண்டிருப்பர்.

பாறைப் பெயராக அல்காங்கியன் இன்று வழக்கிழந்தது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டு முதல் 54 கோடி ஆண்டு முன்வரையுள்ள அக்காலம் இப்போது புரோட்டெரோசோயிக் எனப்படுகிறது. சிலூரர் மறைந்தனர், பாறைப் பெயர் நிலைத்தது. இங்கோ பாறைப் பெயர் மறைந்தது; மக்கள் வாழ்கின்றனர். ஒட்டாவாவில் கனடிய நாடாளுமன்றம் நிற்கும் நிலத்தை எந்த உடன்படிக்கையாலும் அவர்கள் விட்டுக்கொடுத்ததில்லை. அது குறித்து 2016-இல் ஒண்டாரியோ பகுதி அல்காங்கின் மக்களுடன் அரசுகள் கொள்கையளவிலான ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன.