செயற்கைப் பல்வேரைச் சுற்றிய எலும்பு இழப்பு: அறுவை மருத்துவத்தின் வரலாறு

இழந்த பல்லுக்கு மாற்றாகத் தாடை எலும்பில் திருகிப் பொருத்தப்படும் டைட்டேனியத் தண்டு செயற்கைப் பல்வேர் எனப்படும். மருத்துவமனைகளில் இது இம்ப்ளாண்ட் என்றே வழங்குகிறது. இத்தண்டைச் சூழ்ந்த ஈறு அழற்சியுற்று, தண்டைத் தாங்கும் எலும்பும் கரைந்துபோகும் நோய் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் ஆகும். நோய் முற்றினால் பெரும்பாலும் அறுவை மருத்துவம் தேவைப்படுகிறது. கரைந்த எலும்பை நிரப்புவதைவிட, தண்டின் பரப்பைத் தூய்மையாக்குவதே கடினம் என்பதை மருத்துவர்கள் படிப்படியாக உணர்ந்ததே இவ்வறுவையின் வரலாறு.

எலும்பும் உலோகமும் இணைந்த கதை

ஸ்வீடன் நாட்டு மருத்துவரான பெர்-இங்வார் பிரனேமார்க் 1952-இல் லுண்ட் நகரில் முயல்களின் கால் எலும்பில் டைட்டேனியக் கூடுகளைப் பொருத்தி ஆய்வு செய்தார். ஆய்வு முடிந்தபின் அவற்றைக் கழற்ற முடியவில்லை. எலும்பு உலோகத்தோடு இறுகப் பற்றியிருந்தது. இவ்விணைப்பே பின்னர் ஒஸ்ஸியோஇன்டகிரேஷன் எனப் பெயர் பெற்றது. 1965-இல் கோதன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் முதன்முதலாக இத்தகைய தண்டுகள் பொருத்தப்பட்டன. 2006-இல் அவர் இறக்கும்வரை அவை பயன்பாட்டில் இருந்தன. 1982-இல் டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பின் இம்முறை உலகெங்கும் பரவியது.

நோய் அறியப்பட்ட விதம்

தொடக்கத்தில் எலும்பு இழப்புக்குக் கடிவிசையின் மிகைச்சுமையே காரணம் எனப் பலர் கருதினர். 1987-இல் மொம்பெல்லி குழுவினர், தோல்வியுறும் தண்டுகளைச் சுற்றிய பைகளில், ஈற்று நோயில் காணப்படுவதை ஒத்த பாக்டீரியாக்கள் இருப்பதைக் காட்டினர். 1993-இல் நடந்த ஐரோப்பியப் பயிலரங்கு நோயை இரண்டாக வகுத்தது. ஈற்றில் மட்டும் அழற்சி இருந்தால் அது மீளக்கூடியது. எலும்பும் கரைந்திருந்தால் அது பெரி-இம்ப்ளான்டைட்டிஸ்.

இயற்கைப் பல்லின் வேரில் ஈற்றின் நார்கள் குறுக்காகப் பதிந்து அரண்போல் நிற்கின்றன. டைட்டேனியத் தண்டில் அவை பதிவதில்லை. தண்டுக்கு இணையாகவே ஓடுகின்றன. 1991-இல் பெர்க்லுண்ட் குழுவினர் நாய்களில் செய்த ஆய்வு இதை விளக்கியது. கிருமிகள் எலும்பை நோக்கி எளிதில் இறங்குவதற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

அறுவை முறைகள்

எல்லா முறைகளுக்கும் தொடக்கம் ஒன்றே. ஈறு மடலாக விலக்கப்படுகிறது. அழற்சியுற்ற திசு சுரண்டி எடுக்கப்படுகிறது. தண்டின் பரப்பு துப்புரவு செய்யப்படுகிறது. அதன்பின் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, ஈற்றை மீண்டும் பழைய இடத்திலேயே தைத்துவிடுவது. இரண்டாவது, ஈற்றைக் கீழிறக்கித் தைத்துப் பையின் ஆழத்தைக் குறைப்பது. இதில், வெளியே தெரியும் திருகுபுரிகளை இழைத்து வழவழப்பாக்குவதும் உண்டு. இழைப்பதால் தண்டு மெலியும். உலோகத் துகள்கள் திசுவில் தங்கக்கூடும். மூன்றாவது, எலும்புத் துகளையோ அதற்கு மாற்றான பொருளையோ குழியில் நிரப்பி, தேவையானால் சவ்வினால் மூடுவது.

சவ்வு முறைக்கு அடிப்படை 1982-இல் நைமன் குழுவினர் இயற்கைப் பல்லில் செய்த மருத்துவமாகும். விரைந்து வளரும் ஈற்றுத் திசுவைத் தடுத்து, மெதுவாக வளரும் திசுக்களுக்கு இடம் தருவதே அதன் கருத்து. 1988-இல் டாலின் குழுவினர் எலிகளின் தாடை எலும்பில் இக்கருத்தைச் சோதித்து வெற்றி கண்டனர். ஆயினும் எல்லாக் குழிகளிலும் இது பயன் தருவதில்லை. தண்டைச் சுற்றிக் கிணறுபோல் சுவர்கள் எஞ்சியிருந்தால் நிரப்பிய துகள் தங்கும். எலும்பு முழுவதும் கிடைமட்டமாகத் தாழ்ந்திருந்தால் அதற்குப் பிடிப்பு இல்லை.

பரப்பின் முரண்

பிரனேமார்க்கின் தண்டுகள் கடைசல் இயந்திரத்தில் வெட்டப்பட்டவை, ஓரளவு வழவழப்பானவை. 1990-களுக்குப் பின், எலும்பு விரைந்து பற்றுவதற்காக மணலடித்தும் அமிலத்தில் அரித்தும் சொரசொரப்பாக்கிய தண்டுகள் பெருகின. எலும்புக்குப் பிடிப்புத் தந்த அதே நுண்குழிகள் கிருமிகளுக்கும் புகலிடமாயின. ஒருமுறை கிருமிப்படலம் படிந்தால் கருவியின் முனை அக்குழிகளுக்குள் நுழைவதில்லை.

2016-இல் வெளியான கார்குவாக் குழுவினரின் ஸ்வீடன் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கடுமையான நோயுற்ற 100 பேருக்கு அறுவை செய்து ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது, மொத்தத்தில் 45 விழுக்காடு தண்டுகளிலேயே மருத்துவம் வெற்றி பெற்றிருந்தது. மாற்றப்படாத பரப்புடைய தண்டுகளில் இது 79 விழுக்காடு. சொரசொரப்பாக்கிய தண்டுகளில் 34 விழுக்காடு. சொரசொரப்பான தண்டுகளில் நுண்ணுயிர் எதிர்ப்பி மாத்திரை தந்த நன்மையும் மூன்றாண்டுக் கண்காணிப்பில் நீடிக்கவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. எக்ஸ்-கதிர் படத்தில் குழி நிரம்பியதாகத் தெரிவதால் மட்டும் எலும்பு மீண்டும் உலோகத்தைப் பற்றிவிட்டது என்று கொள்ள முடியாது. அதைத் திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தே உறுதி செய்ய இயலும்.

இன்றைய நிலை

2018-இல் வெளியான உலகளாவிய வகைப்பாடு நோய்க்கான அளவுகோல்களை வரையறுத்தது. முன்பு ஈற்று நோய் இருந்தவர்கள், வாய்த் துப்புரவு குறைந்தவர்கள், தொடர் பரிசோதனைக்கு வராதவர்கள் ஆகியோருக்கு இடர் மிகுதி என்பதையும் அது சுட்டியது. 2023-இல் ஐரோப்பியப் பெரியோடான்டாலஜி கூட்டமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல், முதலில் அறுவையின்றித் துப்புரவு செய்து மறுமதிப்பீடு செய்யவும், நோய் தணியாதபோது மட்டுமே அறுவையை மேற்கொள்ளவும் கூறுகிறது. அறுவைக்குப் பின்னும் தொடர் பராமரிப்பு இன்றியமையாதது.

செயற்கைப் பல்லுக்குச் சொத்தை வருவதில்லை. அதனால் அதற்குக் கவனிப்பு வேண்டாம் என்று எண்ணுவோர் உண்டு. அதைத் தாங்கும் எலும்பும் ஈறும் உயிருள்ளவை. எலும்பு கரைந்தபின் அதை மீட்கும் வழிகள் இன்னும் முழுமை பெறவில்லை. ஈற்றில் இரத்தக்கசிவு தோன்றும் தொடக்க நிலையிலேயே நோயைக் கண்டு நிறுத்துவதே இன்றும் உறுதியான வழியாகும்.