போரின் பங்கீடும் மாணவரின் திருத்தமும்

அணுவின் நடுவே அணுக்கரு. அதனைச் சூழ்ந்து எலக்ட்ரான்கள். அவை நினைத்தபடி குவிவதில்லை. கூடு கூடாக அமைகின்றன. முதற் கூட்டில் 2, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 18, நான்காவதில் 32, அதற்குமேல் இடமில்லை. ஏன் இந்த எண்கள்? "எல்லாம் அவன் செயல்" என்று கைகூப்பி நகர்ந்திருந்தால் விடை கிடைத்திராது, தோழர்களே!

டென்மார்க் அறிஞர் நீல்ஸ் போர், 1921-ல் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகக் கூடுகளில் ஏற்றித் தனிம வரிசைக்கு விளக்கம் தந்தார். எத்தகைய கணக்கு அது! 72-ஆம் தனிமம் அருமண் இனத்தது, அதனைத் தாம் கண்டுவிட்டதாகவும் பிரெஞ்சு வேதியியலார் யூர்பேன் உரைத்தார். அன்று, அது சிர்க்கோனியத்தின் உறவு என்றது போரின் கணக்கு. கோபன்ஹேகனில் கோஸ்டரும் ஹெவெசியும் சிர்க்கோனியத் தாதுவை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தனர். அங்கேதான் ஒளிந்திருந்தது அது! 1923-ல் உலகறிந்த அத்தனிமத்துக்கு அந்நகரின் இலத்தீன் பெயரையொட்டி ஹாஃப்னியம் என்று பெயரிட்டனர். 1922-க்கான நோபல் பரிசும் போரைத் தேடி வந்திருந்தது.

புகழின் உச்சியில் நின்ற அவரைப் பார்த்து, "கணக்கு இடிக்கிறதே" என்றார் ஓர் ஆராய்ச்சி மாணவர். எட்மண்ட் ஸ்டோனர் அவர் பெயர். கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் பயின்றவர். இரண்டாம் கூட்டின் எட்டை நான்கும் நான்குமாகவும், மூன்றாம் கூட்டின் பதினெட்டை ஆறாறாகவும் உட்கூடுகளுக்குப் பங்கிட்டிருந்தார் போர். பார்க்க அழகான பங்கீடுதான். ஆனால் அழகு சான்றாகுமா? எக்ஸ் கதிர் நிறமாலை காட்டிய நிலைகளோ வேறு. எட்டை 2, 6 என்றும், பதினெட்டை 2, 6, 10 என்றும் பிரித்தாலே பொருந்தும் என்று 1924 அக்டோபரில் எழுதினார் ஸ்டோனர். (வேதியியலார் மெயின் ஸ்மித்தும் அதே ஆண்டில் தனி வழியே இம்முடிவை எட்டியிருந்தார்.)

சாமர்ஃபெல்டு தம் நூலின் முன்னுரையில் ஸ்டோனரின் கட்டுரையைச் சுட்டியிருந்தார். ஹாம்பர்க்கில் அதைப் படித்தார் வோல்ஃப்காங் பவுலி, அகவை 24. ஓர் அணுவின் எந்த இரு எலக்ட்ரான்களுக்கும் நான்கு குவாண்டம் எண்களும் ஒருங்கே ஒத்திரா என 1925-ல் விதி வகுத்தார். அந்த ஒரு விதியிலிருந்தே 2, 8, 18, 32 என்னும் எண்கள் பிறந்தன. மூன்று எண்களுக்கு அறிந்த பொருள் உண்டு. நான்காவது? பழைய இயற்பியலால் விவரிக்கவொண்ணா இரட்டைத் தன்மை என்றார் பவுலி. அவ்வாண்டிலேயே யூலன்பெக்கும் கவுட்ஸ்மிட்டும் அதனை எலக்ட்ரானின் தற்சுழற்சி என விளக்கினர்.

பவுலிக்கு 1945-ல் நோபல் பரிசு. விதிக்கும் அவர் பெயரே. ஸ்டோனருக்குத் தாம் பட்ட கடனை அவர் மறைக்கவில்லை. தம் கட்டுரையிலேயே பெயர் சொன்னார். மறந்தவை நம் பாடநூல்களே. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகிக் காந்தவியலை ஆராய்ந்த அந்த மனிதரின் பெயரை எத்தனை மாணவர் அறிவர்?