ஆவண எழுத்தர் (தமிழ்நாடு)

ஆவண எழுத்தர் என்பவர் நிலம், வீடு முதலிய அசையாச் சொத்துகளின் விற்பனை, அடைமானம், தானம், பாகப்பிரிவினை ஆகியவற்றுக்கான ஆவணங்களை எழுதித் தருவதற்குத் தமிழ்நாடு பதிவுத்துறையின் உரிமம் பெற்றவர் ஆவார். பேச்சு வழக்கில் இவர் பத்திர எழுத்தர் எனப்படுகிறார். இங்கிலாந்தில் உரிமையை ஆராய்வது முதல் பதிவு வரை ஒரே சொலிசிட்டர் கவனிப்பது வழக்கம். தமிழ்நாட்டில் அப்பணி இரண்டாகப் பிரிந்துள்ளது. விற்பவருக்கு உரிமை உண்டா என ஆராய்வது வழக்கறிஞரின் பணி. ஆவணத்தை எழுதுவது பத்திர எழுத்தரின் பணி. சிற்றூர்களில் சொத்து வாங்குவோர் பலர் வழக்கறிஞரை அணுகாமலேயே கிரயம் முடிக்கின்றனர். பிற்காலத்தில் எழும் நில வழக்குகள் பலவற்றுக்கு இதுவே காரணமாகிறது.

சட்டப் பின்னணி

100 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புடைய அசையாச் சொத்தின் விற்பனையைப் பதிவு செய்ய வேண்டும் என 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் கூறுகின்றன. எழுதிக் கையொப்பமிட்ட நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் ஆவணத்தைச் சார்பதிவாளர் முன் தாக்கல் செய்தல் வேண்டும். ஆவண எழுத்தர்களுக்கான உரிம விதிகள் 1982இல் வகுக்கப்பட்டன. வழக்கறிஞரும் ஆவணம் தயாரிக்கலாம். பதிவுத்துறையின் இணையத்தளத்தில் உள்ள மாதிரிகளைக் கொண்டு தரப்பினர் தாமே தயாரிப்பதும் உண்டு.

பதிவு என்பது உரிமைக்கான அரசின் உறுதிமொழி அன்று. எழுதிக் கொடுப்பவர் இன்னார்தானா, கையொப்பம் அவருடையதா, முத்திரைத் தீர்வை சரியாகச் செலுத்தப்பட்டதா என்பவற்றையே சார்பதிவாளர் முதன்மையாகப் பார்க்கிறார். எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் பதிவு அலுவலருக்கு இல்லை என்பதை, கே. கோபி வழக்கில் 2025 ஏப்ரல் 7ஆம் நாள் அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தெளிவுபடுத்தியது. எனவே பதிவாகிவிட்டது என்பதனாலேயே சொத்து பாதுகாப்பானது எனக் கொள்வது தவறாகும்.

உரிமை ஆய்வு

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இவ்வாய்வு நடைபெற வேண்டும். மூலப்பத்திரங்களின் தொடர்ச்சியையும் வில்லங்கச் சான்றையும் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பார்ப்பது வழக்கறிஞர்களின் நடைமுறை. ஆனால் வில்லங்கச் சான்று பதிவான நடவடிக்கைகளை மட்டுமே காட்டும். பதிவு செய்யப்படாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை போன்றவை அதில் இரா.

பட்டாவை மட்டும் நம்புவதும் போதாது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் (மக்கள் வழக்கில் யு.டி.ஆர்.) பெயரும் பரப்பும் மாறிப் பதிவான புலங்கள் பல உள்ளன. பழைய பத்திரங்கள் ஏக்கர், சென்ட் கணக்கிலும், பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கிலும் இருக்கும். 1 ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட் ஆகும். இம்மாற்றத்தில் ஏற்படும் சிறு பிழையும் எல்லைத் தகராறாக முடியக்கூடும்.

மிகுதியான இடர் வாரிசுகளைப் பற்றியது. பூர்வீகச் சொத்தை மகன்கள் மட்டும் கையொப்பமிட்டு விற்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு அளிக்கும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலும் (அந்நாளுக்கு முன் மணமானவர்கள் நீங்கலாக), இந்தியா முழுவதற்கும் 2005 செப்டம்பர் 9 முதலும் நடைமுறைக்கு வந்தது. 2005இல் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டிய தேவையில்லை என வினீதா சர்மா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே வேற்றூரில் வாழ்க்கைப்பட்ட சகோதரிகளின் கையொப்பம் இல்லாத கிரயம் பிற்பாடு பாகப்பிரிவினை வழக்கில் சிக்கக்கூடும்.

விற்பவர் பொது அதிகார ஆவணத்தின் பேரில் வந்தால், அதிகாரம் அளித்தவர் உயிருடன் உள்ளாரா என்று அறிதல் வேண்டும். அவர் இறந்தால் பொதுவாக அதிகாரமும் முடிவுக்கு வரும்.

தெரிவும் பணியாற்றும் முறையும்

விற்பவரோ தரகரோ அழைத்து வரும் வழக்கறிஞரைத் தவிர்ப்பது நலம். கடன் தரும் வங்கியின் வழக்கறிஞர் வங்கியின் நலனுக்காகவே ஆவணங்களைப் பார்க்கிறார்; அவர் தரும் கருத்துரை வாங்குபவருக்கு முழுமையான காப்பு ஆகாது. உள்ளூர் நில அமைப்பும் குடும்ப வரலாறும் அறிந்த பழைய பத்திர எழுத்தரின் அறிவு பல சமயங்களில் வழக்கறிஞருக்கே துணை புரியும். இருவரையும் போட்டியாளர்களாகக் கருத வேண்டியதில்லை. எழுத்தரின் உரிமத்தைப் பார்ப்பதும், கட்டணத்தை முன்னரே பேசி இரசீது பெறுவதும் முறையாகும். வரைவைப் பதிவு நாளுக்கு முன்பே வாங்கிப் படித்தல் வேண்டும். குறிப்பாகத் தபசிலில் புல எண், உட்பிரிவு, நான்கெல்லை (செக்குபந்தி), பாதை உரிமை, கிணற்றுப் பங்கு ஆகியவற்றைப் புலப்படத்துடன் ஒப்பிட வேண்டும்.

மூல ஆவணத்தைக் கேட்டுப் பார்க்கும் மரபு பழமையானது. பெரியபுராணத்தில் சுந்தரரின் வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலையைக் கொண்டே தீர்க்கப்படுகிறது. அவர் கிழித்தெறிந்தது படி ஓலையே.

செஞ்சி, தளவானூர் பகுதி

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சியை அடுத்த தளவானூரில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேசுவரம் என்னும் பல்லவர் குடைவரை உள்ளது. செஞ்சிக் கோட்டை 2025 சூலையில் யுனெசுகோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் மராட்டியர் படைத்துறை நிலக்காட்சிகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. இவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் தடை செய்யப்பட்டுள்ளது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி தேவை. இத்தடை வில்லங்கச் சான்றில் தெரியாது. நிலத்தின் விற்பனைக்கும் இது தடையன்று. அதனால் வீடு கட்டும் எண்ணத்துடன் மனை வாங்கியவர், கிரயம் முடிந்த பின்னரே இதை அறிய நேரிடலாம். கோவில் நிலமா, அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்பவற்றையும் வழக்கறிஞர் இங்குத் தனியே விசாரிக்க வேண்டும்.

செலவு

2023 முதல் விற்பனைக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% எனக் கணக்கிடப்படுகிறது. வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதுவே அடிப்படை. 10 இலட்சம் ரூபாய்ச் சொத்துக்கு இது 90,000 ரூபாய் ஆகும். இம்மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1% குறைக்கப்பட்டது. இத்தொகையுடன் ஒப்பிடுகையில் வழக்கறிஞரின் ஆய்வுக் கட்டணம் பொதுவாகச் சிறியதே.

இலங்கையில்

இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி உறுதி ஒரு நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் நிறைவேற்றப்பட வேண்டும். உறுதியை எழுதுவதும் சான்றுபடுத்துவதும் அங்கு நொத்தாரிசின் பொறுப்பாகும்.