ஆறாப் புண்ணும் மாவுக்கட்டும்

திருமுதுகுன்றமாகிய விருத்தாசலம் பழமலைநாதர் திருக்கோயிலாற் சிறந்தது. பீங்கான் தொழிலாலும் பெயர்பெற்றது. அத்தொழிலாளர் களிமண் குழம்பைப் பாரிஸ் சாந்தாற் செய்த அச்சுக்களில் வார்ப்பர். சாந்து நீரை உறிஞ்ச, மண் அச்சின் வடிவைக் கொள்ளும். அச்சாந்தையே துணியிற் பூசிக் காலிற் கட்டுங்கால் அது மாவுக்கட்டு எனப்படும். நாட்பட்ட புண்ணை அக்கட்டு ஆற்றிய வரலாறு அறியத்தக்கது.

புண்ணுக்கு மருந்து தேடுதல் தமிழகத்தில் தொன்றுதொட்டு உளது. திருமுக்கூடலிலுள்ள வீரராசேந்திர சோழனது 11 ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையையும், அங்கே மருத்துவனோடு சல்லியக்கிரியை செய்வான் ஒருவனும் இருந்தமையையும் கூறுகின்றது. ஊமத்தை இலைச்சாறும் தேங்காயெண்ணெயும் மயில்துத்தமும் சேர்த்துக் காய்ச்சிய மத்தன் தைலத்தைச் சித்தமருத்துவர் இன்றும் ஆறாப் புண்ணுக்கு இடுவர். ஆயினும் தொழுநோயாளரது உள்ளங்காற் புண் எம்மருந்துக்கும் எளிதில் ஆறிற்றிலது. ஊன் தானே அழுகுகின்றதெனக் கொண்டு, முன்வினைப் பயனென்று கூறி, உற்றாரும் ஊராரும் அவரை விலக்கினர்.

1946 இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், 1947 இல் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று நோயாளரைக் கண்டார். பின்னர் அவரும் உடன்பணி செய்தோரும் ஆராய்ந்து தெளிந்தது இது: அவ்வூன் ஆறும் ஆற்றலுடையதே. நோய் நரம்பைக் கெடுத்தலின் வலி தோன்றாது. வலி தோன்றாமையின் நோயாளர் புண்பட்ட காலையே மீண்டும் மீண்டும் ஊன்றி நடப்பர். ஆறத் தொடங்கிய புண் ஒவ்வோரடியிலும் நசுங்கும்.

அற்றேல், செய்யத்தக்கது யாது? புண்ணின்மேற் சுமை விழாது காத்தலேயாம். இந்தியாவில் ஜோசப் கான் என்பார் அத்தகைய புண்ணுக்கு மாவுக்கட்டு இடும் முறையை 1939 இல் எழுதி வெளியிட்டிருந்தார். அச்சுப் போலக் காலோடு பொருந்திய கட்டு, உடற்பாரத்தை ஓரிடத்தில் விடாது உள்ளங்கால் முழுமைக்கும் கணைக்காலுக்கும் பகிர்ந்தளிக்கும். அதனால் நோயாளர் நடப்பினும் புண் ஆறும். பிராண்டு 1960 களில் அமெரிக்காவிலுள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபோது இம்முறையும் உடன்சென்றது. பின்னர் நீரிழிவாளர் காற்புண்ணுக்கும் பயன்பட்டது. சீழ்பிடித்த புண்ணுக்கும் குருதியோட்டம் குன்றிய காலுக்கும் இக்கட்டு ஆகாதாகலின், மருத்துவர் ஆய்ந்தே இடுவர்.

நீரிழிவு மிக்க இக்காலத்தில் இஃது அடியார்க்கும் உரியதோர் செய்தி. உச்சிவேளையிற் சுடுகல்லின்மேல் வெறுங்காலோடு வலம்வருவோருள் காலுணர்ச்சி குன்றியோர், கொப்புளம் எழுந்த பின்னரும் அறியார். அன்னோர் வெயிலேறுமுன் வலம்வருதலும், நாடோறும் உள்ளங்காலைப் பார்த்தலும், சிறு புண்ணாயினும் அன்றே மருத்துவரிடம் காட்டுதலும் கடன்.

இறைவன் ஒறுத்தலும் அருளே என்றும், அது மறக்கருணை என்றும் சித்தாந்தம் கூறும். வலியும் அத்தகையதே. அதனை இழந்தோர் இரங்கத்தக்கவர், விலக்கத்தக்கவர் அல்லர்.