கறுப்பு மிஷினின் பொற்பூக்கள்



பாட்டிமார் விட்டுச்சென்ற சிங்கர் தையல் மிஷின் நம் இல்லங்கள் சிலவற்றில் இன்றும் ஒரு மூலையில் நிற்கிறது. அதன் கருமையும் பொன்னிறப் பூவேலையும் வெறும் அழகுக்காக வந்தவை என்று எண்ணுவோர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை.

மணல் அச்சிலிருந்து வெளிவரும் வார்ப்பிரும்பின் மேனி சொரசொரப்பாயிருக்கும். ஈரம் பட்டால் துருவேறும். இவ்விரண்டுக்கும் மருந்தாக அமைந்தது 'ஜப்பான் கறுப்பு' என்னும் பூச்சு. பெயர்தான் ஜப்பான், பிறந்தது ஐரோப்பாவில். கீழ்த்திசை நாடுகளில் ஒருவகை மரத்தின் பாலைக் கொண்டு மெருகேற்றிய பேழைகளைக் கண்டு ஐரோப்பியர் மயங்கினர். அப்பால் அவர்களுக்குக் கிட்டாமையால், நிலக்கீலை ஆளிவிதை எண்ணெயுடன் காய்ச்சி, டர்ப்பன்டைன் கலந்து பூசிச் சூளையில் சுட்டனர். 18-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டின் பொன்டிப்பூலில் ஆல்குட் குடும்பத்தார் தகரத் தட்டுகளிலும் பாத்திரங்களிலும் இதைச் செய்து பெயர் பெற்றனர். அடுத்த நூற்றாண்டில் அதே கருமை தையல் மிஷின், தட்டச்சுப் பொறி ஆகியவற்றின் மேல் ஏறியது. பூசுவது, சுடுவது, தேய்ப்பது, மீண்டும் பூசுவது என்று பல சுற்று நடந்த பிறகே கண்ணாடி போன்ற அப்பளபளப்பு வரும்.

தொடக்கத்தில் பூக்களைத் தூரிகையால் தீட்டினர். சில மிஷின்களில் முத்துச்சிப்பியும் பதித்தனர். ஆனால் ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்கில் 1885-இல் திறந்த சிங்கர் ஆலை இலட்சக்கணக்கில் மிஷின்களைச் செய்தது. அத்தனைக்கும் கையால் தீட்டி மாளுமா? ஆகவே காகிதத்தில் அச்சிட்ட பொன்னிறச் சித்திரத்தை வார்னிஷின் மேல் ஒட்டி, நனைத்து, காகிதத்தை மட்டும் உரித்தெடுத்தனர். எகிப்தின் ஸ்பிங்ஸ் உருவம் தாங்கிய மிஷினை நம்மில் சிலர் கண்டிருக்கலாம். 1922-இல் தூத்தன்காமன் கல்லறை திறக்கப்பட்டதால் வந்த மோகம் அது என்பர். அதற்கு முன்பே அந்தச் சித்திரம் மிஷினில் இருந்தது!

கிளைடுபேங்க் ஆலை 1980-இல் மூடப்பட்டது. மிஷின்களோ இன்னும் ஓடுகின்றன. அவற்றைப் புதுப்பிப்பதாகச் சொல்லி, பூச்சைச் சுரண்டி எனாமல் அடிப்பவர்களைக் காணும்போது நமக்கு மனம் பொறுப்பதில்லை. துடைக்கிறோம் என்று ஸ்பிரிட்டை எடுப்பது அதனினும் கேடு. பொற்பூவின் மேல் காவலாக இருப்பது மெல்லிய அரக்கு. ஸ்பிரிட் அதைக் கரைத்துவிடும். மென்மையான துணியில் மிஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். அரக்குப் போன இடத்தில் பொன்னிறம் வெளுத்து வெள்ளியாகும். பிறகு தைப்பவரின் கையும் துணியும் உரச உரச, கறுப்பு மட்டுமே மிஞ்சும்.