கம்ப்யூட்டரின் தாத்தா நம் ஊர்க் கூடத்தில்தான் இருந்தார்



ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்திருக்கும் முழுநேர வேலை ரிமோட் தேடுவது. டிவிக்கு ஒன்று, அதன் கீழே இருக்கும் பெட்டிக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று, இப்போது மின்விசிறிக்கும் ஒன்று. "பாட்டி, எல்லாத்தையும் போன்லயே பண்ணலாம்" என்கிறான் பேரன். "அந்தப் போனை எங்கே வெச்சேன்னு கண்டுபிடிக்க ஒரு ரிமோட் இருந்தா வாங்கிக் குடுடா" என்றேன்.

போன வாரம் அவன் இன்னொன்று கேட்டான். "உங்க காலத்துல வீட்டுல மெஷினே கிடையாதா பாட்டி?" காஞ்சிபுரத்துப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? மற்ற ஊர்களில் வீட்டுக்குள் மெஷின் இருந்திருக்கலாம். நம் பிள்ளையார்பாளையத்தில் மெஷினுக்குள்தான் வீடு இருந்தது! கூடம் முழுக்கத் தறி. கால் வைக்கக் குழி, மேலே ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து மாலை மாலையாகத் தொங்கும் அட்டைகள். மிச்சமிருந்த இடத்தில் மனிதர்கள் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள்.

அந்த அட்டைகளின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். ஐ.டி. கம்பெனியில் இருப்பவர்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். உங்கள் தொழிலின் வம்சாவளி இது.

பிரான்ஸ் நாட்டில் லியோன் என்று ஒரு ஊர். அவர்களுக்கு அது காஞ்சிபுரம் மாதிரி, பட்டு நெசவுக்குப் பேர்போனது. பூவும் கொடியுமாகப் பட்டில் வடிவம் கொண்டுவர வேண்டுமானால், ஊடை ஒவ்வொரு முறை போகும்போதும் எந்தெந்தப் பாவு இழை மேலே எழும்ப வேண்டும் என்று யாராவது கயிறு இழுத்துச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்குப் பையன்களை வைத்திருந்தார்கள். நாள் முழுக்கக் கயிறு இழுப்பதுதான் அவர்கள் பிழைப்பு. நம் ஊரிலும் இதே காரியத்துக்கு 'அடை' என்ற முறை இருந்தது. வடிவத்தை நூலிலேயே கட்டித் தறியில் பிணைத்துவிடுவார்கள். அதை இழுக்க ஒரு துணை ஆள் வேண்டும்.

1804ஆம் ஆண்டு வாக்கில் லியோனைச் சேர்ந்த ஜோசப் மாரி ஜக்கார் இதற்கு வழி கண்டார். அவருக்கு முன்பே பூஷோன், ஃபால்கோன், வோக்கான்சோன் என்று சிலர் பாதை போட்டிருந்தார்கள். அதையெல்லாம் ஒன்றுசேர்த்து உருப்படியாக ஓடவைத்தவர் இவர். தத்துவம் மிக எளிது. அட்டையில் துளை இருந்தால் கொக்கி இழையைத் தூக்கும். துளை இல்லையென்றால் தூக்காது. ஊடைக்கு ஒரு அட்டை. அட்டைகளை வரிசையாகக் கோர்த்துவிட்டால் பூ தானாக வரும். கயிறு இழுத்த பையனுக்கு வேலை இல்லை. பிழைப்பு போய்விடும் என்று லியோன் நெசவாளர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனாலும் மெஷின் ஊர் ஊராகப் பரவி, பின்னாளில் நம் காஞ்சிபுரத்துக்கும் வந்து சேர்ந்தது.

துளை இருக்கிறது, துளை இல்லை. ஒன்று, பூஜ்ஜியம். ஞாபகம் வருகிறதா?

லண்டனில் சார்லஸ் பாபேஜ் என்ற கணித மேதை ஜக்காரின் உருவப்படம் ஒன்றை வைத்திருந்தார். அது வரைந்த படமில்லை, பட்டில் நெய்த படம். அதற்கு 24,000 அட்டைகள் தேவைப்பட்டனவாம். பாபேஜ் தான் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கு அதே துளை அட்டைகளையே பயன்படுத்த நினைத்தார். 1843இல் அந்த இயந்திரத்தைப் பற்றி எழுதிய ஏடா லவ்லேஸ் அம்மையாரும், ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்வதை உவமையாகக் காட்டித்தான் அதை விளக்கினார்.

பிறகு அமெரிக்காவில் ஹெர்மன் ஹோலரித். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் ஒவ்வொரு பயணியின் அடையாளத்தையும் டிக்கெட்டில் துளையாகப் போட்டதைப் பார்த்து இவருக்கு யோசனை வந்ததாம். நாமும்தான் ரயிலில் போகிறோம். ஜன்னல் சீட்டு கிடைத்ததா, முறுக்கு வந்ததா என்பதைத் தாண்டி நமக்கு யோசனை போவதில்லை! 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அவர் துளை அட்டைகளைக் கொண்டுதான் எண்ணி முடித்தார். அவருடைய கம்பெனி வேறு சிலவற்றோடு சேர்ந்து 1924இல் ஐ.பி.எம். என்று பெயர் மாற்றிக்கொண்டது. நம் கூடத்தில் தொங்கிய அட்டைக்கும் உங்கள் மடிக்கணினிக்கும் இப்படி ஒரு பங்காளி உறவு.

கதை இதோடு முடிந்திருந்தால் சந்தோஷமாக லைக் போட்டுவிட்டுப் போயிருப்பீர்கள். ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. கயிறு இழுக்கும் பையனை ஜக்கார்டு விடுவித்தது என்றால், நம் ஊர்த் தறியில் உட்கார்ந்திருந்த பையன் யார்?

அதற்குக் கோர்வை பற்றித் தெரிய வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பது காஞ்சிப் பட்டின் அழகு. இதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு பக்கத்தை நெசவாளி பார்த்துக்கொள்வார். மறுபக்கக் கரைக்கு இன்னொரு கை வேண்டும். பூவை அட்டை பார்த்துக்கொண்டது, கோர்வையை அது பார்த்துக்கொள்ளவில்லை. அந்த இன்னொரு கை பெரும்பாலும் சின்னக் கையாக இருந்தது. சொந்தப் பிள்ளையாக இருக்கும். அல்லது முன்பணம் வாங்கிய ஏழை அப்பா அனுப்பிவைத்த பிள்ளையாக இருக்கும்.

1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. நெசவும் தடைப் பட்டியலில் இருந்தது. ஆனால் சொந்தக் குடும்பத்தாரைத் துணைக்கு வைத்து நடத்தும் பட்டறைக்கு அதில் விலக்கு. தறி எங்கே இருந்தது? வீட்டுக்குள்! மெஷின் கூடத்தில் இருந்தால் சட்டம் வாசற்படியோடு நின்றுவிட்டது. 2003இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் நம் காஞ்சிபுரமும் இருந்தது.

அறிக்கை வருவதற்கு முன்பே என் வருகைப் பதிவேடு அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் ஆப்சென்ட் அதிகமாகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டினால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், தறி ஓடாது. அன்றைக்கு என் வகுப்பு நிரம்பி வழியும்! மற்ற ஊர் டீச்சர்கள் மழை பெய்தால் பிள்ளைகள் வராதே என்று கவலைப்படுவார்கள். நான் மழையை வேண்டிக்கொண்டேன். வந்த பிள்ளைகளுக்குக் கணக்கு நன்றாக வரும். இழை எண்ணிப் பழகிய விரல்கள் அல்லவா? ஆனால் மதியத்துக்கு மேல் கண் சொருகிவிடும். அப்போது நான் எழுப்பமாட்டேன்.

அந்தப் பிள்ளைகளை வகுப்புக்கு மீட்டது எந்த மெஷினும் இல்லை. மதிய உணவு, சிறப்புப் பள்ளிகள், வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிய ஆசிரியர்கள், அதிகாரிகள், தொண்டு நிறுவனத்தார், எல்லோருக்கும் மேலாக "என்னோடு போகட்டும், நீ படி" என்று பிள்ளையைத் தறியிலிருந்து எழுப்பிவிட்ட அப்பா அம்மாக்கள். அவர்களுக்கு அது ஒரு கூலி நஷ்டம். தெரிந்தேதான் செய்தார்கள்.

இன்று கோர்வைக்கு உட்கார ஆள் இல்லை என்று ஊரில் புலம்பல் கேட்கிறது. தனியாளாக நெய்யக்கூடிய, கோர்வை இல்லாத சேலைகள் பெருகிவிட்டன. கலை குறைகிறதே என்ற வருத்தம் எனக்கும் உண்டு. பெரியவர்களுக்கு நியாயமான கூலி கொடுத்து அந்த இரண்டாவது கையை வாங்கிக்கொள்ளட்டும் என்பதுதான் என் பதில்.

உங்களில் சிலர் அந்த இரண்டாவது கையாக இருந்தவர்கள். இன்று ஒரகடத்திலும் பெங்களூரிலும் கடல் தாண்டியும் இருக்கிறீர்கள். பெயர் சொல்லமாட்டேன், உங்களுக்கே தெரியும். ஒரு வேண்டுகோள். ஊட்டி போனது, சிங்கப்பூர் போனது எல்லாம் படத்தோடு போடுகிறீர்கள், பார்த்து ரசிக்கிறேன். கூடத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை நீங்கள் போன பயணத்தையும் ஒருநாள் எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் நான் திருத்தித் தருகிறேன். இன்னும் சிவப்பு மை பேனா வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்